மைனஸ்ல மாட்டுன அஞ்சு வயர்

ஜூன் 2, ஞாயிறு

வேலை செஞ்சிருச்சு மக்களே, அஞ்சே அஞ்சு எர்த் வயர் மாட்டுனதுக்கு எங்க அப்பாவோட பதினெட்டு வருஷத்துப் பழைய கார் நாப்பதுலேர்ந்து எம்பது ஸ்பீடுக்கு ஒண்ணேமுக்கா செகண்ட் சீக்கிரமா போகுது, ஒண்ணேமுக்கா செகண்ட்!

டைரில கூட மக்களேன்னுதான் கை போகுது. பழக்கதோஷம்.

சரி, ஒழுங்கா எழுதி வைப்போம். வீடியோக்கு ஸ்கிரிப்ட் ஆகும். இன்ஜின்ல ஓடுற கரண்ட் எல்லாம் கடைசில பேட்டரி மைனஸுக்குத் திரும்பி வரணும். கம்பெனில அதுக்கு ஒண்ணு ரெண்டு வயர்தான் குடுத்திருப்பாங்க. அந்த வழியில கூட்டம் ஜாஸ்தி. நாம இன்னும் அஞ்சு தடி வயர் போட்டு இன்ஜினையும் பாடியையும் நேரா மைனஸோட சேத்துட்டா, கரண்ட் ஹாயா திரும்பி வரும், ஸ்பார்க் நல்லா அடிக்கும், பிக்கப் கூடும். வெளிநாட்டுக்காரங்க இருவது வருஷமா பண்றாங்க. நம்ம ஊர்ல எவனும் டெஸ்ட் பண்ணிக் காட்டல. நான் காட்டிட்டேன்.

டெஸ்ட் விவரம். வயர் இல்லாம ஓட்டுனது நேத்து மத்தியானம், பஞ்சப்பூர் பக்கம் ரிங் ரோட்ல. அப்பா பக்கத்துல. பின்னாடி கடைக்கு எடுத்த ஏ4 பேப்பர் பெட்டி ஆறு. அப்பாக்கு வேர்க்கும்னு ஏசி. ஃபோன் ஆப் காட்டுன டைம் 13.4. அப்புறம் சாயங்காலம் வெல்டிங் கேபிள் வெட்டி, முனைல லக்குன்னு செம்பு வளையம் அடிச்சு, மாட்டுனேன். பழைய எர்த் போல்ட் பச்சை பூத்துக் கெடந்துச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சு வெள்ளையாக்கிட்டுத்தான் மாட்டுனேன். இன்னிக்குக் காலைல ஆறு மணிக்கு, சர்ச் பூசைக்கு முன்னாடி, நான் மட்டும் போயி ஓட்டுனேன். 11.65.

பூசைல சாமியார் என்ன பேசுனாருன்னு ஒரு வார்த்தை ஞாபகம் இல்ல.

ஜூன் 3, திங்கள்

குரூப் அட்மின் ஆல்வின் என் வீடியோ போஸ்ட்ட பின் பண்ணிட்டான். 'பானெட் பார்ட்டி திருச்சி' குரூப்ல அறுநூத்து நாப்பது பேரு, அதுல பொண்ணு நான் ஒருத்திதான், மூணு வருஷத்துல ஒரு தடவகூட எம் போஸ்ட்டு பின் ஆனதில்ல. "சிஸ்டர் நீங்க என்ன இன்ஜினியரிங்கா"ன்னு ஒருத்தன் கேட்டான். பி.காம். கரஸ், அப்பாவோட ஜெராக்ஸ் கடைன்னு போட்டேன். அதுக்கே இருவது தீ எமோஜி.

ஜூன் 5, புதன்

தங்கையன் அண்ணன் வந்தாரு. தில்லை நகர்ல டாக்டர் சுலோச்சனான்னு பிரசவ டாக்டர் இருக்காங்க, அவங்க கார் டிரைவர். ஏழு வருஷமா அவங்கட்டதான். கிளினிக் ஃபாரம் எல்லாம் நம்ம கடைலதான் காப்பி எடுப்பாரு. காப்பி ஓடுற நேரத்துல நானும் அவரும் வண்டிக் கதைதான் பேசுவோம். என்னைய கார் தெரிஞ்ச ஆளா மதிச்சுப் பேசுன மொத ஆள் அவருதான், அத நான் மறுக்க முடியாது.

வீடியோ பாத்தாராம். ஸ்டாண்டுல மத்த டிரைவருங்கட்டயும் காட்டுனாராம். "எங்க பாப்பாதான்னு சொன்னேன்"னாரு. எனக்குக் காது வரைக்கும் சிரிப்பு.

டாக்டரம்மா வண்டிக்கும் போடலாம்ணேன்னு நான்தான் சொன்னேன். அவரு கேக்கல. எழுதும்போது இத மாத்தக்கூடாதுல்ல, நான்தான் சொன்னேன். ரெண்டு வருஷத்துப் புது வண்டி, பழசுல ஒண்ணேமுக்கான்னா புதுசுல எவ்ளோ வரும். அம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுக்குறேன் பாப்பான்னாரு. வெறும் வயர்தாணே, இதுக்கெல்லாமா கேப்பாங்கன்னு சொன்னேன்.

ஜூன் 9, ஞாயிறு

மாட்டியாச்சு. ரெண்டு மணி நேரம். டாக்டரம்மா ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்குவாங்க, அதனால வண்டி சர்ச் பின்னாடி வேப்ப மரத்தடிக்கு வந்துச்சு. பேட்டரி மைனஸ் டெர்மினல்ல மேல ஒரு போல்ட் நீட்டிட்டு இருந்துச்சு, அஞ்சு லக்கையும் அதுலயே வச்சு பத்தாம் நம்பர் ஸ்பானர்ல இறுக்குனேன். வயர் மேல எல்லாம் கறுப்பு டேப் சுத்தியாச்சு. பாத்தா கம்பெனிலேர்ந்தே வந்த மாதிரி இருக்கு. டாக்டரம்மா பானெட்டத் தெறந்தாலும் தெரியாது. அழகுக்குத்தான் டேப், வேற ஒண்ணுமில்ல.

காவேரிப் பாலம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்து அண்ணன் கேமரால சொன்னாரு: "அவுத்துவிட்ட கன்னுக்குட்டி மாதிரி ஓடுதுங்க. நான் தங்கையன், இருவத்தாறு வருஷமா டிரைவர், எம் பேச்ச நம்பலாம்."

நான் சொல்லிக் குடுக்கவே இல்ல, அவரே சொன்னாரு. டைம் எடுக்கல, ரோட்ல கூட்டம். அவரு மூஞ்சியே போதும்.

ஜூன் 10, திங்கள்

பதினோராயிரம் வியூஸ்.

ஜூன் 11, செவ்வாய்

கோயம்புத்தூர்லேர்ந்து குமரகுருன்னு ஒரு ஆள் கமெண்ட். "புது வண்டில மைனஸ் டெர்மினல் மேல கறுப்பா ஒரு டப்பா இருக்கும், அது சென்சார், அதுக்கு முன்னாடியா பின்னாடியா வயர் போட்டீங்க"ன்னு. அப்புறம், "ரெண்டு டெஸ்ட்லயும் வண்டில ஒரே வெயிட்தானா?"

நல்லா கலாய்ச்சு விட்டேன். அங்கிள் நீங்க வெயிட் தூக்குற ஜிம்முக்குப் போங்கன்னு. நம்ம பசங்க வந்து அவர வச்சு செஞ்சுட்டாங்க, அம்பது ரிப்ளை. அவரு மறுபடி ஒரே கேள்வியத்தான் கேட்டாரு, கோவப்படாம. அதான் கடுப்பாச்சு. மொத்தத்தையும் டிலீட் பண்ணிட்டேன்.

இன்னிக்கு கடைல ஹால் டிக்கெட் கூட்டம். டோனர் தீந்து போச்சு.

ஜூன் 16, ஞாயிறு

பார்ட் டூ வீடியோக்கு மறுபடி டெஸ்ட். இந்தத் தடவ பக்காவா பண்ணலாம்னு அப்பாவ எல்லா ரன்லயும் உக்கார வச்சேன், பெட்டி இல்ல, ஏசி இல்ல, அதே ரோடு, அரை மணி நேர வித்தியாசம். வயரோட மூணு தடவ, கழட்டிட்டு மூணு தடவ.

வயரோட 12.1. வயர் இல்லாம 12.0.

ஆப்ல ஏதோ கோளாறு. ரோடு வேற லேசா ஈரம். அப்பா, "என்னம்மா, வயர் இல்லாம வேகமாப் போகுது"ன்னாரு. சிரிச்சாரு. எனக்கு சிரிப்பு வரல. டீ குடிக்க வண்டிய நிப்பாட்டுனோம், நான் குடிக்கல.

பார்ட் டூ போடல. டேட்டா கிளியரா வந்ததும் போடலாம்.

ஜூன் 19, புதன்

காலைல டாக்டரம்மா வண்டி ஸ்டார்ட் ஆகலயாம். சாவி திருப்புனா டக் டக்குனு சத்தம் மட்டும். ஆறு மணிக்கு பிரசவத்துக்குக் கூப்டிருக்காங்க, டாக்டரம்மா ஆட்டோ புடிச்சுப் போயிருக்காங்க. தாயும் புள்ளையும் நல்லாருக்காங்கன்னு அண்ணன் மொதல்ல அதத்தான் சொன்னாரு. அப்புறம் பக்கத்து வீட்டு வண்டிலேர்ந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்ணாராம்.

"நம்ம வயர்னால இருக்குமா பாப்பா?"

சேச்சே, எர்த் நல்லா இருந்தா பேட்டரிக்கு நல்லதுதாணேன்னு சொன்னேன். பேட்டரி வீக்கா இருக்கும், ரெண்டு வருஷம் ஆச்சுல்ல. தலையாட்டிட்டு காப்பிய வாங்கிட்டுப் போனாரு.

ஜூன் 24, திங்கள்

மறுபடியும் நின்னுருச்சு. கிளினிக் வாசல்லயே. சர்வீஸ் சென்டர்லேர்ந்து ஆள் வந்து பேட்டரிய செக் பண்ணிட்டு, பேட்டரி நல்ல பேட்டரிதான், சார்ஜ்தான் இல்லன்னு சொல்லியிருக்கான். டேப் சுத்துன வயர அவன் பாக்கவே இல்ல. டிரைவர் வெயிட்டிங்ல இன்ஜின ஆஃப் பண்ணிட்டு பாட்டு போட்டுட்டு உக்காந்திருப்பாரு மேடம், அதான்னு ஈஸியா சொல்லிட்டுப் போயிட்டான்.

எல்லாரு முன்னாடியும் டாக்டரம்மா கேட்டிருக்காங்க. இவரு இல்லம்மான்னிருக்காரு. பாட்டு கேப்பேன், அஞ்சு நிமிஷம் கேப்பேன், அதுக்கெல்லாம் பேட்டரி எறங்காதும்மான்னிருக்காரு. அவங்க ஆட்டோல ஏறிப் போயிட்டாங்களாம்.

வயர் போட்டத சொன்னீங்களான்னு கேட்டேன். சொல்லலியாம். "ஒன்னையக் கூப்ட்டு வச்சுக் கேப்பாங்க. சின்னப் புள்ள. நீதான் அது இல்லன்னு சொல்லிட்டியே."

அவரு போனதும் ஜூன் 9 வீடியோவ லேப்டாப்ல போட்டு நிறுத்தி நிறுத்திப் பாத்தேன்.

ஜூன் 24, அதே நாள்

டப்பா இருக்கு.

ஜூன் 25, செவ்வாய்

குமரகுரு சாரோட கமெண்ட்ட தேடுனேன். நான்தான டிலீட் பண்ணேன், எங்கேர்ந்து வரும். தனி மெசேஜ் அனுப்புனேன். மன்னிப்பு கேக்கல, சும்மா டவுட்டு கேக்குற மாதிரி கேட்டேன். அவரு ஒரு குத்தலும் இல்லாம பொறுமையா வாய்ஸ் நோட் அனுப்புனாரு, நாலு நிமிஷம்.

அந்த டப்பா வழியா எவ்ளோ கரண்ட் பேட்டரிக்கு உள்ள போகுது, எவ்ளோ வெளிய வருதுன்னு வண்டி கணக்கு பாக்குமாம். அத வச்சுத்தான் எப்ப சார்ஜ் ஏத்தணும், எப்ப போதும்னு முடிவெடுக்குமாம். நான் டப்பாக்கு முன்னாடி, நேரா பேட்டரி போல்ட்ல வயரக் குடுத்துட்டேன். பாதி கரண்ட் டப்பாவுக்குத் தெரியாம என் வயர்ல போகுது. கணக்கு தப்பு. பேட்டரி நெறஞ்சிருக்குன்னு வண்டி நெனச்சு சார்ஜக் கொறச்சிரும். தினம் கொஞ்சம் கொஞ்சமா எறங்கும். அப்பா காரு மாதிரி பழசுல அந்த டப்பாவே கெடயாது, அதனால ஒண்ணும் ஆகல.

கடைசில அவரு கேட்டாரு: "யாரு வண்டிக்காவது அப்படி மாட்டிட்டீங்களாம்மா?"

இல்லன்னு அனுப்புனேன்.

ஜூன் 26, புதன்

தில்லை நகர் பக்கம் டோனர் வாங்கப் போனேன். கிளினிக் எதுக்க தங்கையன் அண்ணன் வண்டிக்கு வெளிய நின்னுட்டு இருந்தாரு. மணி பன்னெண்டரை. மரம் கெடயாது அந்த எடத்துல. கர்ச்சீப்ப தலைல போட்டுட்டு, கார் கதவத் தொடாம, ரெண்டடி தள்ளி நின்னாரு. உள்ள உக்காந்தா பாட்டு போட்டேன்னு சொல்லுவாங்கன்னு.

என்னையப் பாக்கல. நான் வண்டிய ஸ்லோ பண்ணேன். அப்புறம் நேரா போயிட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

முடிச்சாச்சு. வீடியோக்கு ஒரு போட்டோ எடுக்கணும்ணேன்னு பொய் சொல்லி கடைப் பக்கம் வண்டிய கொண்டாரச் சொன்னேன். டெஸ்ட் முடிஞ்சுருச்சு, வயர எடுத்துக்குறேன், வேற வண்டில டெஸ்ட் பண்ணணும்னு சொல்லி அஞ்சையும் கழட்டிட்டேன். ஏன் பாப்பா, நல்லாத்தான ஓடுதுன்னாரு. நான் டெர்மினலத் தொடச்சுக்கிட்டே கீழ பாத்துட்டு பேசுனேன்.

இனிமே வண்டி நிக்காது. யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம். அவருக்கும் திட்டு இல்ல. எனக்கும் ஒண்ணும் இல்ல. ரெண்டு வாரம் கழிச்சு இன்னிக்குத்தான் பிரியாணி உள்ள எறங்குச்சு.

ஜூலை 1, திங்கள்

வண்டி ஓகே.

ஜூலை 3, புதன்

ஓகே.

ஜூலை 5, வெள்ளி

சாயங்காலம் தங்கையன் அண்ணன் கடைக்கு வந்தாரு. கையில கிளினிக் ஃபாரம் இல்ல. லைசென்ஸும் ஆதாரும் இருந்துச்சு. பத்து பத்து காப்பி போடு பாப்பான்னாரு.

எதுக்குண்ணேன்னு கேக்கும்போதே எனக்குத் தெரிஞ்சுருச்சு.

நேத்து டாக்டரம்மா கூப்ட்டு உக்கார வச்சுப் பேசுனாங்களாம். கத்தல, ஒண்ணுமில்ல. "நான் கேட்ட நாள்லேர்ந்து வண்டி ஒரு நாளும் நிக்கல தங்கையன், அப்ப வண்டில கோளாறு இல்ல. நீங்க உள்ள உக்காராம வெளிய நிக்குறீங்க, வண்டி ஓடுது. பாட்டு கேட்டத நான் தப்பா எடுத்துக்கல. அஞ்சு நிமிஷம்தான் கேட்டேன்னு எங்கிட்ட சாதிச்சீங்களே, அதத்தான் தாங்க முடியல. ஏழு வருஷம் எம் புள்ளைங்கள ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போன ஆள் எங்கிட்ட பொய் சொல்லுவாருன்னு நான் நெனைக்கல. பதினஞ்சாந் தேதியோட நின்னுக்குங்க."

அவரு இத திட்டற மாதிரி சொல்லல. அவங்க குரல்லயே சொல்லிக் காட்டிட்டு, நல்ல மனுஷி பாப்பா அவங்கன்னாரு.

நான் கழட்டுனதுனாலதான். நின்னு போன வண்டி, நான் யாருக்கும் காரணம் சொல்லாம கழட்டுனதும் நல்லாயிருச்சு. அவரு வெளிய நிக்க ஆரம்பிச்சதும் நான் கழட்டுனதும் ஒரே வாரம். அவரு பொய் சொன்னாருங்கறதுக்கு நானே சாட்சி ரெடி பண்ணிக் குடுத்திருக்கேன்.

மெஷின்ல லைசென்ஸ வச்சு மூடுனேன். வெளிச்சம் போயிட்டு வந்துச்சு, பத்து தடவ. அவரு மூஞ்சி பத்து தடவ வெளிய வந்து விழுந்துச்சு. அப்ப சொல்லியிருக்கலாம். கடைல வேற யாருமே இல்ல.

"எனக்கே சந்தேகம் வந்துருச்சு பாப்பா. ஒருவேள கண்ணசந்து பாட்ட அணைக்காம விட்டுட்டேனோ என்னமோ. வயசாகுதுல்ல."

இல்லண்ணே, நீங்க இல்லன்னு சொல்ல வாயத் தொறந்தேன். ஸ்டேப்ளர் வேணுமான்னு கேட்டேன்.

ஜூலை 6, சனி

ஒண்ணும் எழுதப் புடிக்கல.

ஜூலை 7, ஞாயிறு

அப்பா, அந்தப் பைல என்ன வயரு, அடுக்களை பக்கத்துல கெடக்குன்னு கேட்டாரு. சொல்லிட்டேன். மொத்தமா. ஏ4 பெட்டிலேர்ந்து ஆரம்பிச்சு. மொத நாள் டெஸ்ட்ல ஆறு பெட்டி, ஏசி, அப்பா, வெயிலு. ரெண்டாவது நாள் நான் மட்டும், குளிரு. வித்தியாசத்துல வயருக்குப் பங்கே கெடயாது. எதாச்சும் இருந்துச்சுன்னா அது பச்சை பூத்த போல்ட்ட தேச்ச உப்புத்தாளுக்கு. எனக்கு இது ஜூன் 16 அன்னிக்கே தெரியும். ஆப் கோளாறுன்னு எழுதி வச்சிருக்கேன், மேல போயி பாத்தேன், எங் கையெழுத்துதான்.

அப்பா திட்டுவாருன்னு நெனச்சேன். நாளைக்குக் கடைய நான் பாத்துக்குறேன்னாரு. அவ்ளோதான். திட்டியிருந்தா பரவால்ல.

ஜூலை 8, திங்கள்

கிளினிக்ல டோக்கன் போடச் சொன்னாங்க. முப்பத்தி நாலு. என்னையச் சுத்தி எல்லாரும் வயித்துப் புள்ளக்காரங்க, பக்கத்துல இருந்த அக்கா எத்தனாவது மாசம்னு கேட்டாங்க. மடில பைக்குள்ள அஞ்சு வயர்.

டாக்டரம்மா முன்னாடி பையக் கவுத்தேன். மனப்பாடம் பண்ணிட்டுப் போனது ஒண்ணும் வரல. வண்டி நின்னதுக்கு நான்தான் காரணம் மேடம், இந்த வயர்தான், ஜூன் ஒம்பதாந் தேதி உங்களுக்குத் தெரியாம மாட்டுனேன், இருவத்தெட்டு அன்னிக்கு அவருட்டகூட காரணத்த மறைச்சுக் கழட்டிட்டேன்னு சொன்னேன். ஒரே மூச்சுல.

கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு என்னையப் பாத்தாங்க. "தங்கையன் அனுப்புனாரா?"

இல்லன்னேன். அவரு நம்ம கடைக்கு வழக்கமா வர்றவருதானேன்னாங்க. ஆமான்னேன். வேல போகுதுன்னதும் தெரிஞ்ச பொண்ணப் புடிச்சு அனுப்பியிருக்காரு, இது இன்னும் மோசம்னாங்க. நான் வீடியோவக் காட்டுனேன். நம்பர் பிளேட் தெரியுது, தேதி இருக்கு. பாத்தாங்க. அண்ணன் கன்னுக்குட்டின்னு சொல்ற எடத்துல மூஞ்சி மாறுச்சு. ஆனாலும், மாட்டுனது சரி, அதனாலதான் நின்னுச்சுங்கறதுக்கு என்ன ஆதாரம்னாங்க.

நான் ஒண்ணு சொன்னேன். மறுபடி அதே மாதிரி மாட்டுறேன். வண்டிய நீங்க மட்டும் ஓட்டுங்க. பாட்டு வேண்டாம், நிப்பாட்டிட்டு உள்ள உக்கார வேண்டாம். தினம் காலைல நான் வந்து மீட்டர் வச்சு பேட்டரி வோல்ட்ட உங்க கண்ணு முன்னாடி பாக்குறேன், நீங்களே எழுதுங்க. வயர திரும்பப் பைல அள்ளிப் போட்டேன்.

அவசரத்துக்குத் தங்கச்சி வண்டிய வாங்கிக்குறேன்னாங்க. அடுத்த டோக்கன் கூப்டுட்டாங்க.

ஜூலை 9, செவ்வாய்

காலைல வயர மாட்டிட்டு மீட்டர் வச்சேன், 12.6. டாக்டரம்மா பிரிஸ்கிரிப்ஷன் பேடுல எழுதுனாங்க. 

ஜூலை 11, வியாழன்

12.4.

ஜூலை 13, சனி

12.3. கொஞ்சம்தான் எறங்குது. எறங்கணும்னு வேண்டிக்கிட்டேன். ஒரு வண்டி கெட்டுப் போகணும்னு வேண்டிக்கிட்ட கார் பைத்தியம் நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

ஜூலை 15, திங்கள்

12.1. தங்கையன் அண்ணனோட கடைசி நாள். ஒரு வாரமா சாவி டாக்டரம்மாட்டதான், அவர வர வேண்டாம்னுட்டாங்க, ஆனாலும் இன்னிக்கு வந்து வண்டியத் தொடச்சுட்டு இருந்தாரு. நான் மீட்டரோட நிக்கறதப் பாத்தாரு. மெல்ல நிமிந்து, பானெட்டுக்குள்ள வயரப் பாத்தாரு. திருப்பி என்னையப் பாத்தாரு.

எல்லாத்தையும் சொன்னேன். துணிய ரெண்டா மடிச்சாரு, நாலா மடிச்சாரு. "எப்பத்துலேர்ந்து தெரியும்?" னு கேட்டாரு.

ஜூன் இருவத்தி நாலுன்னேன்.

"தெரிஞ்சேதான் அன்னிக்கு என் லைசென்ஸக் காப்பி போட்டியே." அவ்ளோதான் சொன்னாரு. மேல சொல்லுவாருன்னு நின்னேன். துணிய பம்பர் மேல வச்சுட்டு செருப்ப மாட்டிட்டுப் போயிட்டாரு.

ஜூலை 17, புதன்

டக். டக். டக். டக்.

டாக்டரம்மா இன்னொரு தடவ திருப்புனாங்க. அதே சத்தம். எறங்கி வந்து அவங்களே மீட்டரப் பாத்தாங்க, 11.4. பேடுல எழுதல. வண்டில சாஞ்சு நின்னாங்க, எத்தன பேசண்ட் காத்துட்டு இருந்தாங்களோ தெரியல. நான் ஜெயிச்ச டெஸ்ட் இது ஒண்ணுதான், என் வாழ்க்கைல இவ்ளோ கேவலமா நான் ஃபீல் பண்ணதில்ல.

அண்ணனுக்குச் சொல்ல நான் ஃபோன எடுத்தேன். வேண்டாம், நான் பேசுறேன், நான்தான் அவர பொய்க்காரன்னு சொன்னேன்னாங்க. அவரு எடுக்கல. மூணு தடவ அடிச்சாங்க. கிளினிக்குள்ள போகும்போது திரும்பி, "நல்ல வேளை அன்னிக்கு ஆட்டோ கெடச்சுதும்மா. அந்தப் பொண்ணுக்கு ரத்தம் போயிட்டு இருந்துச்சு"ன்னாங்க.

எனக்கு இது தெரியாது. தாயும் புள்ளையும் நல்லாருக்காங்கன்னு மட்டும்தான் அண்ணன் எங்கிட்ட சொல்லியிருந்தாரு.

ஜூலை 20, சனி

தங்கையன் அண்ணன் வீட்டுக்குப் போனேன், பொன்மலைப்பட்டி. அவங்க வீட்டு அக்கா தண்ணி குடுத்தாங்க, உக்காருன்னு சொல்லல. அவரு கைலியோட வந்தாரு. மன்னிச்சுருங்கண்ணேன்னு சொன்னேன். அவரு அந்தப் பேச்சையே எடுக்கல. டாக்டரம்மா நேர்லயே வந்துட்டுப் போனாங்களாம், திரும்ப வரச் சொல்றாங்களாம். போவேனான்னு தெரியலன்னாரு. ஏழு வருஷத்துக்கப்புறம் ஒரு தடவ பொய்க்காரனா நின்னுட்டா, மறுபடி கதவத் தெறந்து விடும்போது கை கூசும்னாரு.

அப்புறம் இத சொன்னாரு. "என் வேலைய விடு. ஸ்டாண்டுல ஆறு பேரு என் வீடியோவப் பாத்து அதே மாதிரி மாட்டியிருக்கான். எம் பேச்ச நம்பலாம்னு நான் வாயால சொல்லியிருக்கேன். ரெண்டு வண்டி நின்னுருச்சு. அவனுங்க எங்கிட்டதான் வந்து கேக்குறானுங்க. இங்க வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேக்குற. அத எங்க போட்டியோ அங்க போயி கேளு."

அந்த வீடியோவ நான் அது வரைக்கும் எடுக்கவே இல்ல. முப்பத்தொம்பதாயிரம் வியூஸ். டிலீட் பண்றேன்னு ஃபோன எடுத்தேன். "அழிச்சுட்டா பாத்தவனுக்கு எப்புடித் தெரியும்?"னாரு.

ஜூலை 21, ஞாயிறு

காலைல ஸ்டாண்டுக்குப் போயி நாலு வண்டில கழட்டுனேன். ஒருத்தரு திட்டுனாரு. மத்த ரெண்டு வண்டி ஊர்ல இல்ல. ஒண்ணு வேளாங்கண்ணி சவாரி, இன்னொன்ன வித்துட்டாங்களாம், யாருக்குன்னு தெரியல.

இப்ப இத எழுதி முடிச்சதும், ஜூன் 2லேர்ந்து இருக்கற எல்லாத்தையும் ஒரு வரி மாத்தாம குரூப்ல போடுறேன். டாக்டரம்மாட்டயும் தங்கையன் அண்ணன்ட்டயும் கேட்டுட்டேன், பேரோட போடச் சொல்லிட்டாங்க. குமரகுரு சார், உங்க கேள்விக்குப் பதில்: ஆமா, மாட்டிட்டேன். முன்னாடிதான் மாட்டுனேன். ரெண்டு டெஸ்ட்லயும் ஒரே வெயிட் இல்ல.

ஆல்வின், இதையும் பின் பண்ணு. பழைய வீடியோ மேல, தங்கையன் அண்ணன் பேசுற எடத்துல, இவரு சொன்னது நான் சொன்னத நம்பி, தப்பு என்னோடதுன்னு எழுதி வச்சிருக்கேன். அத அழிக்க மாட்டேன்.

மக்களே, என் வீடியோவப் பாத்து எர்த் வயர் போட்ட யாரா இருந்தாலும் இன்னிக்கே பானெட்டத் தெறங்க. பேட்டரி மைனஸ் மேல கறுப்பு டப்பா இருந்து, வயர் அந்த டப்பாவத் தாண்டி நேரா பேட்டரி போல்ட்ல இருந்தா கழட்டிருங்க. பிக்கப்ல ஒண்ணும் கொறையாது, ஏன்னா கூடுனதே இல்ல. புரியலன்னா போட்டோ எடுத்து கமெண்ட்ல போடுங்க. திருச்சி, லால்குடி, மணப்பாறை, முசிறி பக்கம்னா ஏரியா பேரப் போடுங்க, நானே ஸ்பானரோட வர்றேன். உங்க வண்டி நின்னு, அதுக்கு நீங்க வேற யாரையாவது குத்தம் சொல்லியிருந்தா, மொதல்ல அவங்களுக்கு ஒரு ஃபோன் போடுங்க, அப்புறம் பானெட்டப் பாக்கலாம்.

அந்தப் பழைய வீடியோவ நானூத்திப் பதினோரு பேரு ஷேர் பண்ணியிருக்கீங்க. எண்ணிக்கை எங்கிட்ட இருக்கு, பேரு இல்ல. அத யாருக்கெல்லாம் அனுப்புனீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். அவங்களுக்கு இதையும் அனுப்புங்க.